வேலைக்காக வெளிமாநிலம் போகிறவர்கள் ஹெவி லைசன்ஸ் எடுக்கும் வழி

பெங்களூரிலோ புனேவிலோ லாரி ஓட்ட வேலை கிடைத்ததும் பலருக்கும் வரும் முதல் சந்தேகம், "அந்த மாநிலத்து லைசன்ஸ் புதிதாக எடுக்க வேண்டுமா?" என்பதுதான். வேண்டாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி இந்தியாவில் எங்கே வாங்கிய லைசன்ஸும் நாடு முழுக்கச் செல்லும். எல்.எல்.ஆருக்கும் (பழகுநர் உரிமம்) இதே விதிதான். தமிழ்நாட்டில் எடுத்த லைசன்ஸை வைத்துக்கொண்டு காஷ்மீர் வரை லோடு ஏற்றிப் போகலாம்.

அதோடு, கையில் ஒரு லைசன்ஸ் இருக்கும்போது இன்னொன்று எடுப்பது சட்டப்படி குற்றம். 6ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. "ஊரில் எடுத்தது இருக்கட்டும், இங்கே புதிதாக ஒன்று போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். லைசன்ஸ் விவரங்கள் எல்லாம் சாரதி என்ற ஒரே கணினித் தளத்தில் இருப்பதால் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் இரண்டும் சேர்ந்து மாட்டும். விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் துருவும்போது இது வெளியே வந்தால் வேலை மட்டுமல்ல, வழக்கும் வரும்.

ஆகவே, இருக்கிற லைசன்ஸில் லாரி, பஸ் ஓட்ட அனுமதிக்கும் டிரான்ஸ்போர்ட் வகுப்பைச் சேர்ப்பதுதான் வேலை. அதை ஊரில் முடித்துவிட்டுக் கிளம்புவதா, போன இடத்தில் எடுப்பதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். முடிந்தவரை ஊரிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். காரணங்கள் கீழே வரும்.

முதலில் கார்டை எடுத்துப் பாருங்கள்

ஸ்மார்ட் கார்டில் செல்லுபடிக் காலம் இரண்டு இடத்தில் இருக்கும். என்.டி. என்பது சொந்த வண்டிக்கு, டி.ஆர். என்பது டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு. என்.டி. தேதி பல வருடம் தள்ளி இருக்கும், டி.ஆர். தேதி ஐந்தே வருடம். பெரிய தேதியைப் பார்த்துவிட்டு "இன்னும் காலம் இருக்கிறது" என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். டி.ஆர். தேதி முடிந்துவிட்டால் அன்றிலிருந்து லாரி ஓட்ட உங்களுக்கு லைசன்ஸ் இல்லை என்றே அர்த்தம். முன்பு 30 நாள் சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள்.

அதே கார்டில் ஆபத்தான பொருள் ஏற்றுவதற்கும் மலைப்பாதைக்கும் தனித்தனித் தேதிக் கட்டங்கள் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அவை காலியாக இருக்கும். வேலை எந்த வகை என்பதைப் பொறுத்து அவையும் தேவைப்படலாம்.

பழைய புத்தக வடிவ லைசன்ஸ் வைத்திருப்பவர்கள் ஊரை விட்டுக் கிளம்புமுன் சாரதி தளத்தில் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டுத் தேடிப் பார்க்க வேண்டும். விவரம் வரவில்லை என்றால் உங்கள் பதிவு இன்னும் கணினிக்கு ஏறவில்லை. அதை ஏற்றித் தருவது லைசன்ஸ் கொடுத்த ஆர்.டி.ஓ. ஆபீஸின் பொறுப்பு. பழைய ரெஜிஸ்டர் அங்கேதான் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியாது.

பெயரையும் இப்போதே சரிபாருங்கள். தமிழ்நாட்டில் இனிஷியலோடு எழுதிப் பழகிய நமக்கு இது ஒரு பெரிய தலைவலி. லைசன்ஸில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருக்கும். வடக்கே கம்பெனியில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டு நான்காவதாக ஒன்றை எழுதிவிடுவார்கள். ஆதாரில் உள்ளபடியே லைசன்ஸிலும் பெயரை மாற்றிக்கொள்வது நல்லது. ஆன்லைன் விண்ணப்பங்கள் ஆதாரோடு ஒப்பிட்டே நகர்கின்றன.

உங்களுக்கு டிரான்ஸ்போர்ட் வகுப்பு கட்டாயமா?

வண்டியின் ஆர்.சி.யில் மொத்த எடை என்று ஒரு எண் இருக்கும். லோடோடு சேர்த்து வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட எடை அது. 7,500 கிலோவுக்குள் இருந்தால் அது இலகு ரக வண்டி (எல்.எம்.வி.). 12,000 கிலோவுக்கு மேல் போனால் கனரகம், இடைப்பட்டது நடுத்தரம். 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, சாதாரண எல்.எம்.வி. லைசன்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குள் உள்ள டிரான்ஸ்போர்ட் வண்டியையும் ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. டாடா ஏஸ், பொலிரோ பிக்கப், டாக்ஸி கார் எல்லாம் இதற்குள் வரும். ஆபத்தான பொருள் ஏற்றும் வண்டிக்கு இது பொருந்தாது.

டெலிவரி வேனோ கால் டாக்ஸியோ ஓட்டத்தான் போகிறீர்கள் என்றால் ஹெவிக்காகக் காசையும் நாளையும் செலவழிக்கும் முன் வேலை கொடுப்பவரிடம் வண்டியின் மொத்த எடையைக் கேட்டுவிடுங்கள். லாரி, பஸ், டிப்பர், டிரெய்லர் என்றால் மறுபேச்சுக்கு இடமில்லை, டிரான்ஸ்போர்ட் வகுப்பு வேண்டும்.

யாருக்கு எவ்வளவு காலம் ஆகும்

வயது 20 நிறைந்திருக்க வேண்டும். எல்.எம்.வி. லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும். முடியாமல் டிரான்ஸ்போர்ட் எல்.எல்.ஆரே கிடைக்காது. பைக் லைசன்ஸ் எத்தனை வருடம் வைத்திருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே இன்று பைக் லைசன்ஸ் மட்டும் உள்ள ஒருவர் ஹெவிக்கு வர, கார் எல்.எல்.ஆருக்கு ஒரு மாதம், பிறகு ஒரு வருடம், பிறகு ஹெவி எல்.எல்.ஆருக்கு ஒரு மாதம் என்று குறைந்தது 14 மாதம் ஆகும். "மூன்று மாதத்தில் எடுத்துத் தருகிறேன்" என்று ஏஜென்ட் சொன்னால் அது எப்படி வரும் என்று யோசியுங்கள்.

எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2019ல் நீக்கப்பட்டது. இன்னும் சில இடங்களில் அதைச் சொல்லிக் கூடுதல் பணம் கேட்கிறார்கள். பள்ளிக்குப் போகாதவரும் விண்ணப்பிக்கலாம்.

எல்.எம்.வி. ஒரு வருடம் முடிந்தவருக்கு, எல்லாம் நேராகப் போனால், ஆறேழு வாரத்தில் முடியும். டெஸ்டுக்கு ஸ்லாட் கிடைப்பதுதான் இதில் நீளும். வேலையில் சேரும் தேதியைக் கம்பெனியிடம் சொல்லும்போது இரண்டரை மாதம் என்று சொல்லுங்கள்.

ஊரிலா, போன இடத்திலா?

நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாநிலத்தில் விண்ணப்பிக்கலாம். பயிற்சி எடுக்கும் டிரைவிங் ஸ்கூல் இருக்கும் மாநிலத்திலும் விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. 2019க்குப் பிறகு அந்த மாநிலத்தின் எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் மனு கொடுக்கலாம் என்றும் ஆகிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் விண்ணப்பத்தில் தற்போதைய முகவரி என்று ஒரு கட்டம் வரும், அதற்கு ஆவணம் கேட்பார்கள். கம்பெனி ஷெட்டில் தங்கியிருப்பவருக்கு, நான்கு பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்திருப்பவருக்கு, வாடகை ஒப்பந்தம் எங்கிருந்து வரும்? ஊரில் என்றால் ஆதார் ஒன்றே போதும்.

இன்னொரு காரணம், எல்.எல்.ஆர். எந்த மாநிலத்தில் எடுத்தீர்களோ அங்கேயே டெஸ்டையும் முடிப்பதுதான் சிக்கலில்லாதது. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். "ஊரில் எல்.எல்.ஆர். போட்டுவிட்டு வேலையில் சேர்ந்துவிடுவோம், லீவில் வந்து டெஸ்ட் கொடுப்போம்" என்று போகிறவர்களில் பலருக்கு லீவும் ஸ்லாட்டும் ஒத்துவருவதில்லை. ஆறு மாதம் ஓடிவிடும், கட்டிய பணம் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், அங்கேயே நிலையாக இருக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் அங்கே ஆதார் முகவரியை மாற்றுங்கள். பிறகு லைசன்ஸில் முகவரி மாற்றம். அதன் பிறகு கூடுதல் வகுப்புக்கு விண்ணப்பம். இந்த வரிசை மாறினால் ஒரு விண்ணப்பம் இன்னொன்றுக்குத் தடையாக நிற்கும். சாரதியில் ஒரு மனு நிலுவையில் இருக்கும்போது அடுத்தது பெரும்பாலும் நகராது.

காகித வேலை

விண்ணப்பம் படிவம் 2. எல்.எல்.ஆருக்கும், கூடுதல் வகுப்புக்கும், புதுப்பித்தலுக்கும், முகவரி மாற்றத்துக்கும் அதே படிவம்தான், எது வேண்டுமோ அதைத் தேர்வு செய்ய வேண்டும். இதில் "புது லைசன்ஸ்" என்பதைத் தேர்வு செய்துவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது இருக்கிற லைசன்ஸில் வகுப்புச் சேர்ப்பது. ஏற்கெனவே செல்லுபடியாகும் லைசன்ஸ் வைத்திருப்பதால் எல்.எல்.ஆருக்கான கணினித் தேர்விலிருந்து விதிப்படி உங்களுக்கு விலக்கு உண்டு.

மருத்துவச் சான்று படிவம் 1ஏ. டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு எந்த வயதானாலும் இது கட்டாயம். பதிவு பெற்ற டாக்டர் தர வேண்டும். அவருடைய பதிவு எண், முத்திரை, உங்கள் போட்டோ மேல் கையெழுத்து எல்லாம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். மனு திரும்பி வருவதற்குப் பதிவு எண் விட்டுப்போவது ஒரு வழக்கமான காரணம். சில மாநிலங்களில் டாக்டரே நேரடியாகத் தளத்தில் ஏற்றிவிடுவார். பார்வைக்கு முக்கியமான அளவுகோல், நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவில் இருக்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிய வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாலும் சரி. போகும் முன் நீங்களே ஒரு தெருவில் நின்று படித்துப் பாருங்கள். தடுமாறினால் முதலில் கண் டாக்டர், அப்புறம் ஆர்.டி.ஓ. சிவப்பு, பச்சை பிரித்துப் பார்ப்பதில் லேசான அல்லது நடுத்தரக் குறை உள்ளவர்களுக்கும் 2020 ஜூனில் வந்த திருத்தம் வழி விட்டிருக்கிறது.

மத்திய விதிப்படி கட்டணம் பெரிதில்லை. எல்.எல்.ஆருக்கு ஒரு வகுப்புக்கு 150 ரூபாய், டெஸ்டுக்கு 300, வகுப்புச் சேர்ப்புக்கு 500, முகவரி மாற்றத்துக்கு 200. மாநிலத்தின் சேவைக் கட்டணமும் கார்டுக் கட்டணமும் தனி. இவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் மீதிப் பணம் எங்கே போகிறது என்று ஏஜென்டிடம் கேட்க முடியும்.

டிரைவிங் ஸ்கூல்

கார் லைசன்ஸை ஸ்கூலுக்குப் போகாமலும் எடுக்கலாம். டிரான்ஸ்போர்ட்டுக்கு அது நடக்காது. அனுமதி பெற்ற ஸ்கூல் தரும் படிவம் 5 சான்று கட்டாயம். விதிப்படி பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது. ஸ்டீயரிங் பிடித்து ஓட்டும் நேரம் மட்டும் குறைந்தது 15 மணி. ஃபீஸ் கட்டும் முன் இந்த 15 மணியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஒரே வண்டியில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுக்கும் ஸ்கூல்களில் 30 நாள் போனாலும் கையில் ஐந்து மணி நேரம்தான் நிற்கும். சான்று கிடைத்துவிடும், வண்டி ஓட்ட வராது.

நேரமும் பணமும் இருப்பவர்கள் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களை விசாரிக்கலாம். 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதியின் கீழ் வருபவை இவை. கனரகப் பயிற்சி 38 மணி நேரம், ஆறு வாரத்துக்குள். அங்கே தேறியவருக்கு ஆர்.டி.ஓ. டெஸ்ட் கிடையாது. சாதாரண ஸ்கூலுக்கு இந்தச் சலுகை இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி, நாமக்கல்லில் அசோக் லேலண்ட் பயிற்சி மையம் ஆகிய இரண்டும் ஹெவிப் பயிற்சிக்குப் பெயர் பெற்றவை. வெளிமாநிலக் கம்பெனிகளில் இந்த மாதிரி இடத்துச் சான்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

டெஸ்ட்

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்டுக்குப் போக முடியும். எந்த வகுப்பு கேட்கிறீர்களோ அந்த வகை வண்டியைக் கொண்டுபோக வேண்டும். வண்டியின் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். இதில் ஒன்று முடிந்திருந்தால் ஆளைப் பார்க்காமலே பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பலாம். ஸ்கூல் வண்டிதானே என்று விடாமல் முதல் நாளே கேட்டுப் பாருங்கள். கடைசி இரண்டு மூன்று வகுப்பை டெஸ்டுக்கு வரும் அதே வண்டியில் எடுப்பது முக்கியம். ஒவ்வொரு பழைய லாரிக்கும் கிளட்ச் பிடிக்கும் இடம் வேறு, ஸ்டீயரிங் ஆட்டம் வேறு.

கார் ஓட்டிப் பழகியவர்கள் ஹெவி டெஸ்டில் விழுவது பெரும்பாலும் நான்கு இடங்களில்.

முதலாவது, ஏர். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் கியர் போட்டு நகர்த்தப் பார்ப்பார்கள். ஏர் பிரேக் வண்டியில் டாங்கில் அழுத்தம் ஏறும் வரை பார்க்கிங் பிரேக் முழுசாக விடாது. அதை மீறி இழுத்தால் கிளட்ச் கருகும் வாடைதான் வரும். ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் ஐடிலில் விட்டு, கேஜ் முள் ஏறி எச்சரிக்கை பஸ்ஸர் நிற்கும் வரை உட்கார்ந்திருங்கள். அந்த நேரத்தில் சீட், இரண்டு பக்கக் கண்ணாடி, பெல்ட் எல்லாம் சரிசெய்யுங்கள். பக்கத்தில் இருப்பவர் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருப்பார். ஏர் ஏறாமல் வண்டியை எடுக்காத ஆள் என்று தெரிந்தாலே பாதி நம்பிக்கை வந்துவிடும்.

இரண்டாவது, ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது. பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் கிளட்சை மெதுவாக விட்டு, எஞ்சின் சத்தம் கனத்து முன்பக்கம் லேசாகத் தூக்கும் இடத்தில் காலை அப்படியே நிறுத்தி, அப்புறம்தான் பிரேக்கை விட வேண்டும். பதற்றத்தில் பிரேக்கை முதலில் விட்டுவிடுகிறார்கள். வண்டி பின்னால் உருண்டால் அந்த டெஸ்ட் முடிந்தது.

மூன்றாவது, திருப்பம். நீள வண்டியில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். காரில் திருப்பும் இடத்திலேயே ஸ்டீயரிங்கை ஒடித்தால் பின்டயர் கம்பத்தை இடிக்கும். மூக்கு நன்றாகத் தாண்டிய பிறகு ஒடித்து, உள்பக்கக் கண்ணாடியில் பின்டயரைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். பஸ் என்றால் வால் பகுதி எதிர்ப்பக்கம் வீசும், அந்தப் பக்கக் கண்ணாடியும் பார்க்க வேண்டும்.

நான்காவது, ரிவர்ஸ். தலையை வெளியே நீட்டி ஒரு பக்கம் மட்டும் பார்ப்பது பெரிய பிழை. இரண்டு கண்ணாடியும் மாறி மாறி. வளைந்துவிட்டது என்று தெரிந்தால் நிறுத்தி, முன்னால் ஒரு முறை எடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். வளைந்ததை வளைத்துக்கொண்டே போய் கோட்டில் ஏறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

தேறவில்லை என்றால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால் கடைசி டெஸ்டிலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும், கூடவே ஸ்கூலில் திருத்தப் பயிற்சியும் எடுக்க வேண்டும்.

தேறிய பிறகு கார்டு தபாலில் வரும். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் விரைவு அஞ்சலில்தான் அனுப்புகிறார்கள். நீங்கள் அதற்குள் கிளம்பிவிட்டால் வீட்டில் யாராவது வாங்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். கதவு பூட்டியிருந்தால் கார்டு திரும்பிப் போய்விடும். அதுவரை டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருக்கும் லைசன்ஸ் நாடு முழுக்கச் சட்டப்படி செல்லும்.

சில வேலைகளுக்கு மட்டும் தேவைப்படுபவை

பெட்ரோல் டாங்கர், எல்.பி.ஜி. புல்லட் (எரிவாயு டாங்கர்), ஆசிட் லோடு என்றால் ஹெவி மட்டும் போதாது. மூன்று நாள் ஆபத்தான பொருள் பயிற்சி எடுத்து, அந்தச் சான்றைக் காட்டி லைசன்ஸில் பதிந்துகொள்ள வேண்டும். இது மூன்று வருடம் செல்லும். ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி கேட்கிறது. வண்டியில் இருக்கும் டிரெம் கார்டையும் (அவசரத்தில் செய்ய வேண்டியதைச் சொல்லும் அட்டை) எச்சரிக்கைப் பலகையையும் படித்துத் தீயணைப்புக்காரரிடம் சொல்ல வேண்டியவர் டிரைவர்தான். அதனால் இந்த விதியைச் சடங்காக நினைக்காதீர்கள்.

உத்தராகண்ட் போன்ற மலை மாநிலங்களில் வேலை என்றால் மலைப்பாதை அனுமதியும் கேட்பார்கள். டூரிஸ்ட் வண்டியோடு சார்தாம் (அங்குள்ள நான்கு புனிதத் தலங்கள்) போகிறவர்களை இது நிறுத்தி வைத்துவிடும்.

பேட்ஜ் கதை வேறு. பஸ், டாக்ஸி, ஆட்டோ ஓட்டுபவருக்கான அது மாநில விதிகளின் கீழ் வருவது. ஊர் பேட்ஜ் அங்கே செல்லும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போலீஸ் சரிபார்ப்பு கேட்கும் இடங்கள் உண்டு, உள்ளூர் மொழி தெரிய வேண்டும் என்னும் இடங்களும் உண்டு. சேரப்போகும் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸிலோ கம்பெனியிலோ முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

வெளியூரில் இருந்துகொண்டே புதுப்பிப்பது

டி.ஆர். தேதி முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். ஊருக்குப் பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ வரும்போது தேதி ஒரு வருடத்துக்குள் இருந்தால் அப்போதே முடித்துவிடுங்கள். வேலை செய்யும் மாநிலத்திலும் புதுப்பிக்கலாம், லைசன்ஸ் கொடுத்த ஆபீஸுக்கு அவர்களே தகவல் சொல்லிவிடுவார்கள். இரண்டிலும் படிவம் 1ஏ புதிதாக வேண்டும். சில இடங்களில் கனரக டிரைவர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள்.

தேதி முடிந்து ஒரு வருடத்துக்குள் போனால் டெஸ்ட் இல்லாமல் புதுப்பித்துத் தருவார்கள், ஆனால் புதுப்பித்த நாளிலிருந்துதான் அது செல்லும். இடையில் ஓட்டிய நாளெல்லாம் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டிய நாள். ஒரு வருடம் தாண்டினால் மறுபடி டெஸ்ட். லைசன்ஸ் இல்லாமல் ஓட்டினால் டிரைவருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, ஓட்ட விட்ட ஓனருக்கும் அதே அளவு. விபத்து நடந்தால் இன்னும் மோசம். அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிவிட்டு, அந்தப் பணத்தை ஓனரிடம் திரும்ப வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கும். அதனால்தான் ஒழுங்கான கம்பெனிகள் வேலைக்கு எடுக்கும்போதே டி.ஆர். தேதியைக் குறித்து வைத்துக்கொள்கின்றன. உங்கள் கம்பெனி வைக்காவிட்டால், நீங்கள் போனில் ஆறு மாதம் முன்னதாக ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.